அரைப்பேர்

காலை ஏழரைக்கு அட்டன் பஸ் நிலையத்தில்
நூற்றுப் பதினான்கு பேர் நின்றோம்.
டீசேர்ட் எல்லாம் ஒரே அளவு:
தர்ஷிகாவுக்கு முழங்கால் வரை,
றொபின்சனுக்குத் தொப்புளுக்கு மேலே.
நெஞ்சில் அச்சடித்த ஒரு குழந்தையின் கை,
கையைச் சுற்றி மூன்று நிற நாடா.

நைஜர், என்றார் இன்பராணி டீச்சர்.
நைஜீரியா இல்லை. யாராவது கேட்டால்
சரியாகச் சொல்லுங்கள்.
ஒலிபெருக்கி வான் அதற்குள்
நைஜீரியாவுக்காகப் புறப்பட்டுவிட்டது.

நோர்வூட்டுக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர்.
என் கையில் பொலித்தீனுக்குள் ஒரு தாள்:
பெயர், கிலோமீற்றருக்கு எவ்வளவு, கையொப்பம்.
ஹார்ட்வெயார் முதலாளி இருபத்தைந்து ரூபா,
"நடந்தாத்தான். வான்ல ஏறினா கிடையாது."
பஸ் கொண்டக்டர் பத்து.
மூன்றாவது வரியில் அம்மா.

அன்றைக்குக் கொழுந்து பதினொரு கிலோதான்.
மழை. கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டிருந்தார்.
கறை போகாத விரலால் அந்தக் கட்டத்தைத் தொட்டு
"இதென்ன?" என்றாள்.
பேர், என்றேன்.
சிரித்தாள்.
"இதுலயாவது முழுப்பேரா போடு."
முத்தையா பரமேஸ்வரி என்று
கோட்டுக்கு வெளியே போகும்வரை எழுதினேன்.
கிலோமீற்றருக்கு ஐந்து.

டிக்கோயா தாண்டியதும் பையன்கள்
தேயிலைக்குள் குறுக்கே இறங்கினார்கள்.
அடுத்த வளைவில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது
மதகில் உட்கார்ந்து
காலில் அட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.
ஒன்றரைக் கிலோமீற்றர் கழியும், என்றார் டீச்சர்.
மலைக்கு மேலால் வந்தது கணக்கில்லையா, டீச்சர்?
ரோட்டுக்குத்தான் காசு.

நான் குறுக்கே போகவில்லை.
எனக்குப் பன்னிரண்டும் வேண்டும்.

வனராஜாப் பக்கம் மலையில் நிறை நிறையாகப் பெண்கள்.
ஒருத்தி கூடையோடு நிமிர்ந்து கத்தினாள்:
"எதுக்குப் பிள்ளைகளா நடக்கிறீங்க?"
"சாப்பாடு இல்லாத பிள்ளைகளுக்கு!"
"யாரு பிள்ளைக?"
நூற்றுப் பதினான்கு பேரும்
முதன்முறையாகச் சரியாகச் சொன்னோம்:
நைஜர்.
காசல்ரீ நீர்மேல் அது போய்
ஒரு தடவை திரும்பி வந்தது.
அவள் தலையாட்டினாள்.
நிறையில் பின்தங்கிவிட்டவள்,
குனிந்துகொண்டாள்.

இடையில் ஒன்றைச் சொல்லாமல் வந்தேன்.

நடைக்கு முந்திய செவ்வாய்க்கிழமை
விளக்கம் சொல்ல ஆளுக்கொரு நாடா தந்தார்கள்.
பச்சை நலம். மஞ்சள் கவனம்.
சிவப்பென்றால் தூக்கிக்கொண்டு ஓடு.
பழகிப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது.
பிள்ளை மடுவத்திலிருந்து வந்த தம்பியை
மடியில் வைத்துத்
தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றினேன்.
மூன்றரை வயது. கைக்கடிகாரம் என்று நினைத்து
அசையாமல் இருந்தான்.

மஞ்சள்.

கழற்றி மறுபடி சுற்றினேன்.
மறு கையிலும்.
பிறகு என் விரலொன்றை
நாடாவுக்கும் அவனுக்கும் நடுவில் விட்டு இழுத்தேன்.
பச்சை.
விரலை எடுத்தேன்.

நோர்வூட் மைதானத்தில் சோடா கொடுத்தார்கள்.
சில்லறையை வாளியில் கொட்டி எண்ணினார்கள்.
ஒரு லட்சத்துச் சொச்சம்.
கைதட்டினோம்; கால் வலித்தது;
சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.
வாக்குக் காசை வெள்ளிக்குள் கட்ட வேண்டும்.

வியாழன் இரவு அம்மாவிடம்
அறுபது ரூபா கேட்டேன்.
கேட்டுவிட்டு நாடாவையும் வைத்தேன்.
சொன்னேன்.

அடுப்பு வெளிச்சத்தில் அதை நீட்டிப் பார்த்தாள்.
"அங்கயும் இதே நாடாதானா?"
இதேதான்.
"இதே மஞ்சளா?"
இதே மஞ்சள்.

டப்பாவிலிருந்து மூன்று இருபது ரூபாத் தாள்கள் எடுத்தாள்.
ஒன்று ஈரம். அதை மட்டும்
அடுப்புக்கு மேலே கொஞ்சம் பிடித்துக் காயவைத்து
மூன்றையும் தந்தாள்.

"கட்டிட்டு வா.
திங்கக்கிழமை மருத்துவிச்சி மடுவத்துக்கு வருவா.
திரிபோஷா ஏன் வரலன்னு கேக்கணும்.
எனக்குப் பேச வராது.
நீ நில்லு.
நாடாவைக் கொண்டா."

தம்பி தூக்கத்தில் கை நீட்டிக் கிடந்தான்.
திங்கட்கிழமை எனக்குப் புவியியல் பரீட்சை.
நின்றேன்.